வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து

கருத்துக் கேட்புக் கூட்டம் பதினொரு மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பத்து மணிக்குள் சங்கமித்ரா சமூக நலக்கூடத்துக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டாள். முதல் தடவை கதவு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் தடவை, முந்தின நாள் காதுகுத்தில் மிச்சமான பிளாஸ்டிக் டம்ளர்களை வாட்ச்மேன் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை அவரே கேட்டுவிட்டார்: "இன்னாமா, நீதான் ஆபீசரா? எங்கனா ஒரு எடத்துல குந்தேன்."

குந்துவதா, அவளா! புத்தர் படம் மாட்டிய வீட்டில் ஜாதகம் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் அதில் உட்காருவது என்கிற கட்டமே இருந்திருக்காது.

வயது நாற்பத்தொன்று. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஒரு சீல் தொங்கும். அதிலுள்ள எண்ணும் டிரைவர் நீட்டுகிற தாளிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவள் வேலை. ஓர் எண் மாறினாலும் லாரி வெளியேதான் நிற்கும். டிரைவர் கெஞ்சுவார், திட்டுவார், டீ வாங்கித் தருகிறேன் என்பார், ஒன்றும் நடக்காது. பதினாறு வருஷமாக அங்கே அத்தனை கறார். அந்தக் கறாரில் கால்வாசியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

வீடு, பேசின் பிரிட்ஜ் தண்டவாளங்களை ஒட்டிய பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில். நான்கு பிளாக்குகள் மிச்சமிருந்தன. அத்தனைக்கும் மனு எழுதுவது அவள்தான். தண்ணீர் லாரி வராவிட்டால், சாக்கடை பொங்கினால், டிரான்ஸ்பார்மர் வெடித்தால், மறுநாள் காலை மண்டல அலுவலகத்தில் மனு இருக்க வேண்டும். ஆனால் கையெழுத்துக்கு ஆள் எங்கே? விடிந்தால் பாதிப்பேர் துறைமுகத்தில், பாதிப்பேர் யார் வீட்டுச் சமையலறையிலோ. இதற்கு அந்தக் குடியிருப்பு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. ஏப்ரல் பதினான்கு, அம்பேத்கர் பிறந்தநாள். அன்று ஒருத்தரும் வேலைக்குப் போகமாட்டார்கள். காலையில் மாலை போட்டு முடித்ததும் சங்கமித்ரா வெற்றுத்தாள் கட்டோடு படி ஏறுவாள். வீட்டுக்கு ஒருவர், பெயர், வீட்டு எண், கையெழுத்து. இப்படிப் பத்துச் செட். மேலே ஒன்றும் எழுதியிருக்காது. வருஷம் முழுக்க என்ன பிரச்னை வந்தாலும் அவள் முதல் பக்கத்தை எழுதுவாள், பின்னால் ஒரு செட்டைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிப்பாள், வேலை முடிந்தது.

யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. "மித்ரா கையில கீதுன்னா நம்ம கையில இருக்கற மாதிரி" என்பார்கள். அவளும் அதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பெருமையில் பூரித்துத்தான் போயிருந்தாள்.

முதல் கையெழுத்து எப்போதும் ஏ பிளாக் கெங்கம்மாவுடையது. காசிமேட்டில் மீன் விற்றவள். முதியோர் வகுப்பில் கற்ற தன் பெயரை, கோட்டைத் தாண்டி, இரண்டு பேருக்கான இடத்தை அடைத்துப் போடுவாள். போட்டுவிட்டுத் தள்ளிப் பிடித்து அழகு பார்ப்பாள்.

இப்போது பிரச்னை ஒரு காலி இடம். சி பிளாக்கை ஆறு வருஷத்துக்கு முன் இடித்த இடம். முள்செடியும் நிறுத்திவைத்த லாரிகளுமாக அரை ஏக்கர் கிடந்தது. அதன் ஒரு பக்கம் குடியிருப்பு. இன்னொரு பக்கம் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து மதில். பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுவிடும். அதை மேல்நிலைப் பள்ளியாக்க அந்த அரை ஏக்கர் வேண்டும் என்று ஒரு திட்டம் போனது. வாரியமோ ஒன்பது மாடியில் புதுக் குடியிருப்பு கட்ட அதே அரை ஏக்கரைக் கேட்டது. அங்கே முதல் கட்டடம் எழும்பினால் ஜனங்கள் நேரே எதிரில் குடிபோய்விடலாம். இல்லையென்றால் பழைய வீட்டை இடிக்கும்போது தற்காலிகம் என்று சொல்லி ஊருக்கு அந்தக் கடைசியில் கொண்டுபோய்விடுவார்கள். சி பிளாக்காரர்கள் அப்படித்தான் போனார்கள். இன்னும் வரவில்லை.

இரண்டுக்கும் பாதிப்பாதி தந்தால் என்ன? கேட்காத ஆளில்லை. தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி விட வேண்டும், பள்ளிக்கு விளையாட்டு இடம் காட்ட வேண்டும், பிரித்தால் இரண்டுக்குமே அனுமதி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சங்கமித்ராவுக்கு இரண்டும் வேண்டும். வீட்டில் சமையலறைக் கூரை போன மழைக்கு அடுப்பின் மேல் பெயர்ந்து விழுந்தது. அவள் கணவன் ஜெயவேல் வயரிங் வேலைக்காரன். ஊர் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போடுகிறவன், தன் வீட்டுக் கூரைக் கம்பியைப் பார்த்தபடி படுத்திருப்பான். "எந்த நாள் தலைமேல வுழப்போவுதோ தெர்ல" என்பான். அவன் சொல்வதில் என்ன தப்பு?

ஆனால் மகள் எழில்மொழி பத்தாவது படிக்கிறாள். தலைமையாசிரியை ஜானட் மிஸ் சொல்லிவிட்டார்: "இடம் நமக்குன்னு உத்தரவு வந்தா போதும், சங்கமித்ரா. கட்டடம் மெதுவா வரட்டும். ஜூன்லயே லைப்ரரி ரூம்ல பதினொண்ணாம் வகுப்பை ஆரம்பிச்சிடுவேன்." உத்தரவு வராவிட்டால் எழில்மொழி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ராயபுரத்துப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

தண்டவாளத்தோடு சங்கமித்ராவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அவளும் இதே பள்ளியில் பத்தாவது முடித்தவள். நானூற்றுப் பதினெட்டு மார்க். அந்த வருஷம்தான் லைனைக் கடந்துபோன பெண் ஒருத்தி ரயிலில் அடிபட்டாள். சங்கமித்ராவின் அப்பா பீம்ராவ், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், "போதும் புள்ள, வூட்லயே இரு" என்று முடித்துவிட்டார். கடல் கடந்து போதிமரக் கிளை கொண்டுபோனவள் பெயரை மகளுக்கு வைத்தவர், அவளைத் தண்டவாளம் கடக்க விடவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் கால் ஓரிடத்தில் நிற்காததற்கு அதுவே காரணம் என்று ஜெயவேல் சொல்வான். இருக்கலாம்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்காக மனு எழுதினாள். ஒரு செட்டைச் சேர்த்துப் பின் அடித்தாள். அக்டோபரில் ஜெயவேலும் பிளாக் ஆண்களும் வந்து நின்றார்கள். வீட்டுக்கும் ஒன்று எழுது என்றார்கள். எழுதினாள். இன்னொரு செட். இரண்டு திட்டத்தையும் ஒரே அதிகாரி ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பார் என்று அவள் யோசிக்கவே இல்லை. தண்ணீர் மனு ஒரு அறைக்குப் போகும், சாக்கடை மனு வேறு அறைக்குப் போகும். அவள் அறிந்த ஆபீஸ் அதுதான். அதோடு மெதுவாகக் கேட்கவும் அவளுக்குத் தெரியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று மனுவுக்கு மனு கடைசி வரியைக் கத்தியாகத் தீட்டுகிறவள். பள்ளி மனுவில், "வேறு எந்தக் கட்டடத்துக்கும் இந்த இடத்தைத் தரவே கூடாது" என்று எழுதினாள். வீட்டு மனுவில், "ஓர் அடிகூட வேறு எதற்கும் தரக் கூடாது" என்று எழுதினாள். இரண்டையும் மனதார எழுதினாள் என்பதுதான் வேடிக்கை.

கெங்கம்மா ஜூனில் செத்துப்போனாள். இரண்டு தடவையும் பின் அடிக்கும்போது சங்கமித்ரா அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாள். பெயரைக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று ஸ்கேலை எடுத்துவந்தாள். மனசு வரவில்லை. பத்து வருஷமாக முதலில் நின்ற பெயர். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூட்டம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, குரல் உயர்த்தாதவர். சுவரில் இரண்டு வரைபடங்கள் தொங்கின. ஒன்றில் பச்சை அடித்த பள்ளிக்கூடம், ஒன்றில் ஒன்பது மாடி. வேலைக்குப் போகாதவர்கள், விடுப்பு போட்டவர்கள் என்று நூறு பேர் இருந்தார்கள். சங்கமித்ரா பின்சுவரை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டு மனு வந்திருக்கு," என்றார் அதிகாரி. "ஒண்ணு, இந்த இடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தரணும்னு சொல்லுது. இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து. இன்னொண்ணு, குடியிருப்புக்கு மட்டும்தான் தரணும்னு சொல்லுது. அதுலயும் இருநூத்திப் பன்னெண்டு." தாளைத் திருப்பினார். "அதே ஆளுங்க. அதே வரிசை."

கூடம் சிரித்தது. "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். "முதல் பேர் கெங்கம்மா. வந்திருக்காங்களா? அவங்களுக்கு நிஜமா எது வேணும்னு அவங்ககிட்டயே கேட்டுடலாம்."

சிரிப்பு பட்டென்று நின்றது. முன்வரிசையில் நீலமேகம் எழுந்தான். கெங்கம்மாவின் மகன், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன்.

"எங்கம்மா பூட்ச்சு மேடம். ஏழு மாசம் ஆவுது. தேதி இன்னா போட்டுக்கீது அதுல?"

அதிகாரி தாளை நீட்டினார். நீலமேகம் வாங்கிப் பார்த்தான். அந்தப் பெரிய எழுத்தின் மேல் விரலை வைத்தான். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு திரும்பிப் பின்சுவரைப் பார்த்தான்.

"மித்ராக்கா, செத்தவள வெச்சு மனு போட்டியா நீ?"

சங்கமித்ராவின் கால்கள் நின்றன. ஓடிவிடலாம் என்று இருந்தது, கதவு நாலடியில்தான். ஆனால் எழில்மொழி பள்ளிச் சீருடையோடு அந்தக் கதவில்தான் ஜானட் மிஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சங்கமித்ரா முன்னால் நடந்தாள்.

"நான்தான் மேடம் எழுதனேன். ரெண்டும் நான்தான். இவங்கள்லாம் ஏப்ரல்ல வெறுந்தாள்ல போட்டுக் குடுத்தது. எதுக்குனு இவங்களுக்குத் தெரியாது. நீலமேகம், உங்கம்மா பேர அடிக்கணும்னுதான் ஸ்கேல எடுத்தேன். முடியல. தப்புதான்."

அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்தத் தாள் வேற ஒருத்தர் கையில கிடைச்சிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்று கேட்டார். "எங்களுக்கு வீடே வேணாம், காலி பண்ணிக்கறோம்னு மேல எழுதியிருந்தா? இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?"

அந்தத் தாள்கள் அவள் பீரோவில், பூட்டுகூட இல்லாத தட்டில், வருஷா வருஷம் கிடந்தவை. யார்டில் சீல் உடைந்த பெட்டியைக் கண்டால் அவள் கூச்சல் போடுவாள்.

"ரெண்டு மனுவையும் நான் கணக்குல எடுத்துக்க முடியாது," என்றார் அதிகாரி. "ஜனங்க கருத்து இல்லாம போனா ரெண்டு திட்டமும் திரும்பிப் போயிடும், யாருக்கும் எதுவும் கிடைக்காது. அதனால ஒண்ணு செய்யறேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். ரெண்டு நோட்டு வைக்கிறேன். வீட்டுக்கு ரெண்டு பேர் வரைக்கும் நேர்ல வந்து, ஆளுக்கு ஏதாவது ஒண்ணுல மட்டும் போடட்டும்."

அதன்பிறகு சங்கமித்ராவுக்குப் பம்பரம்தான். போன் மேல் போன். துறைமுகத்துக்கு, மார்க்கெட்டுக்கு, மணலியில் வேலைக்குப் போனவர்களுக்கு. நாலு பிளாக் படியும் ஏறி இறங்கினாள். திட்டினவர்கள் இருந்தார்கள். முகத்தில் கதவைச் சாத்தினவர்களும் இருந்தார்கள். இருந்தும் ஜனங்கள் வந்தார்கள். சாப்பாட்டு வேளையில் வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். வந்தவர்கள் செய்த காரியம்தான் அவளைக் கொன்றது. நேரே அவளிடமே வந்தார்கள்.

பி பிளாக் மொஹ்சின், ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். "யக்கா, சவாரி கீது, சட்டுனு சொல்லு. எதுல போடணும்?"

பள்ளிக்கூடம் என்று ஒரு வார்த்தை. அது நாக்கு நுனியில் நின்றது. மொஹ்சின் போட்டுவிட்டுப் போவார், அவர் பின்னால் நிற்கிற இருபது பேரும் போடுவார்கள், எழில்மொழிக்கு ஜூனில் பதினொன்றாம் வகுப்பு. கதவோரம் ஜெயவேல் கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றான். அவனுக்கும் தெரியும், அவள் என்ன சொன்னாலும் அதுதான் நடக்கும்.

"என்னாண்ட கேக்காத பாய்," என்றாள். "ரெண்டு படமும் செவுத்துல கீது. படிச்சிப் பாரு. உனுக்கு இன்னா தோணுதோ அத போடு."

"இன்னாக்கா பேஜாரு பண்ற" என்று முணுமுணுத்தபடி மொஹ்சின் சுவரருகே போனார். ஒன்பது மாடிப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். வீட்டு நோட்டில் போட்டார்.

இப்படி ஒவ்வொருவரும். ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னாள். நாலரைக்குத் தன் முறை வந்தபோது பள்ளி நோட்டில் போட்டாள். ஜெயவேல் அவளுக்கு அடுத்து வந்து வீட்டு நோட்டில் போட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நீலமேகம் கடைசியாக வந்தான். அவளைத் தாண்டிப் போய் வீட்டு நோட்டில் போட்டுவிட்டு, போன வேகத்தில் திரும்பினான்.

ஐந்து மணிக்கு அதிகாரி எண்ணினார். வீட்டுக்கு நூற்று முப்பத்தொன்று. பள்ளிக்கு ஐம்பத்தெட்டு. இடத்தைக் குடியிருப்புக்குப் பரிந்துரைக்கிறேன், பள்ளிக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். வேறு இடம் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை என்பது கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஜானட் மிஸ் தன் வரைபடத்தைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, எழில்மொழியிடம் கொடுத்து எடுத்துவரச் சொன்னார்.

வீட்டில் ஜெயவேல்தான் முதலில் பேசினான். "கோவமா மே?"

"இல்லய்யா. எனுக்கும் கூரை வுழாத வூடு வோணும்." தட்டுகளை எடுத்து வைத்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தேனு வெய்யி, ஸ்கூலு வந்திருக்கும். சொல்லல. அதான் தாங்கல."

எழில்மொழி கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்: "நான் பத்தாவதோட நிக்க மாட்டேன்மா. சப்வே வழியா போவேன். இப்பவே சொல்ட்டேன்."

மறுநாள் சங்கமித்ரா ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள். காலை ஏழரைக்கு, பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில், வீட்டு வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ராயபுரத்துப் பள்ளியை நோக்கி நடக்கத் தொடங்கினாள். மெயின் ரோட்டில் நடைபாதையை லாரிகள் அடைத்து நின்றன. ரோட்டில் இறங்கித்தான் நடக்க முடிந்தது. ஒரு டிரெய்லர் திரும்புவதற்கு நாலு நிமிஷம். சுரங்கப்பாதையில் மழை விட்டு ஒரு மாதமாகியும் கணுக்கால் தண்ணீர். ஆறு டியூப்லைட்டில் இரண்டு எரிந்தன. நடுவில் மூன்று பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கடக்கும்போது ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். அவளும் நின்று பார்த்தாள், அவர்கள் தலை குனியும்வரை. மேலே ரயில் போனது. அந்தப் பக்கம் ஏறி, மார்க்கெட்டைத் தாண்டி, ராயபுரத்துப் பெண்கள் பள்ளியின் கேட்டைத் தொட்டபோது முப்பத்து நாலு நிமிஷம்.

திரும்பும்போது அதே வழியை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று வந்தாள். சுரங்கப்பாதை வாயில், கையில் போனோடு, நீலமேகம் நின்றுகொண்டிருந்தான். பேண்ட் முழங்கால்வரை சுருட்டியிருந்தது.

"ஐஸ் வேலைக்குப் போவல?" என்றாள்.

"போவணும்." அவன் போனைப் பார்த்தான். "எம் பொண்ணு ஒம்போதாவது. அடுத்த வருசம் கழிச்சி இந்த வழிதான்."

"நீ வூட்டுக்குதான போட்ட?"

"வூட்டுக்குதான் போட்டேன். நாளைக்கி கேட்டாலும் அதான் போடுவேன்." பேண்ட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டான். "உனுக்கு எத்தினி நிமிசம் ஆச்சு?"

"முப்பத்தி நாலு."

"எனுக்கு முப்பது. பொண்ணுங்க நடந்தா நாப்பது ஆவும்." அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அந்தத் தண்ணி இருக்குது பாரு, அதான். சீட்டாடற பசங்கள நான் பாத்துக்கறேன்."

உள்ளே தண்ணீரைக் கலக்கிக்கொண்டு இன்னும் யாரோ வரும் சத்தம் கேட்டது. இருவரும் ஒதுங்கி வழி விட்டார்கள். படியேறி வந்தவர் மொஹ்சின். ஆட்டோ இல்லை, நடந்து வந்திருந்தார். ஒரு கையில் செருப்பு. பின்னால் அவர் மகள், பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி. மேலே வந்ததும் அவர் மகளிடம் கேட்டார்:

"இன்னா டைம் ஆவுது, பாரு."